ஒடுக்கத்துப் புதனுக்கு ஒரு பரிசல்

பீமநகர், திருச்சி
9 மார்ச் 2024

அன்புத் தம்பி ஆசாத்துக்கு அக்கா வஹீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாவின் கிருபையால் நானும் உன் மச்சானும் சுகம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு இந்த வருஷத்தோடு ரிட்டயர்மெண்ட். அதை நினைத்து இப்போதே வீட்டில் ஸ்குரூ டிரைவரும் கையுமாகச் சுற்றுகிறார். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதில் ஏதோ சத்தம் வருகிறது என்கிறார். நீயும் உன் வீட்டுக்காரி ஸஹ்ராவும் சுகமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கவரைப் பார்த்ததும், "அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா, வாட்ஸப் இருக்கையில கடுதாசி போடுது" என்று நினைத்திருப்பாய். அம்மா மௌத்தாகி நாலு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் போனில் பேசின ஒவ்வொரு தடவையும் நீ கத்தினாய், நான் வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. தவிர நான் தபால் ஆபீஸ்காரி. ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் சொந்தத் தம்பிக்கு ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

விஷயம் இதுதான். இந்த வருஷ ஒடுக்கத்துப் புதனுக்கு அம்மா நினைவாக நாமெல்லாரும் காவிரியில் பரிசலில் போக வேண்டும். ஸஃபர் மாதத்துக் கடைசிப் புதன், செப்டம்பர் நாலாம் தேதி வருகிறது. உனக்கு மறந்திருக்காது. வருஷத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் அம்மா நம் அத்தாவிடம் வாய் திறந்து எதையாவது கேட்பார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மாவிலையில் குங்குமப்பூவால் ஓதி எழுதி வாங்கி, கழுவி அந்தத் தண்ணீரை நம் வாயில் ஊற்றுவார். தூக்குச் சட்டியில் தேங்காய்ச் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு கம்பரசம்பேட்டையில் பரிசல் ஏறி, ஓடத்துறையில் வந்து இறங்குவோம். நடு ஆற்றில் பரிசல்காரரிடம், "தம்பி, ஒரு சுத்து விடுங்க" என்பார். பரிசல் பம்பரமாகச் சுற்றும். நாம் அலறுவோம், அத்தா தொப்பியைப் பிடித்துக்கொள்வார், அம்மா மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அத்தா மௌத்தாகி, முழங்காலும் போன பிறகு அம்மா போகவில்லை. "எல்லாரும் ஒண்ணா இன்னொரு தடவ ஏறிட்டு வந்துரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் என்றால் நீதான். நாங்கள் இங்கேயேதானே கிடக்கிறோம்.

ஷேக் தாவூது மாமாவும் வருகிறேன் என்றுவிட்டார். அம்மாவோடு பிறந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான். இப்போதே லீவு சொல்லி வை.

உன் சுகத்துக்கு துஆ செய்யும்,
அக்கா வஹீதா


தம்மாம்
சவூதி அரேபியா
21 ஏப்ரல் 2024

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

இங்கு நானும் ஸஹ்ராவும் நலம். பெருநாள் நல்லபடியாகப் போனது. மச்சானுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். உங்கள் கடிதம் நோன்பு பாதியில் வந்தது. ஊருக்குப் போகிற அப்துல் சலாம் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒடுக்கத்துப் புதன் என்று மார்க்கத்தில் எதுவும் இல்லை. அந்த மாதத்துக்கோ அந்தக் கிழமைக்கோ தனியாகப் பீடை கிடையாது. இதை அம்மாவிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். அம்மாவை அடக்கம் செய்ய ஒரு ராத்திரி காத்திருக்க முடியாதவர்கள், அம்மா பேரில் பரிசல் விடப் பத்து மாதம் காத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

அன்றைக்கு விடியற்காலை சுபுஹு நேரத்தில் அம்மா போனார். சேதி வந்ததும் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லீவு வாங்கினேன். "நாளைக்குக் காலைல வந்துர்றேன், எனக்காக வச்சிருங்க" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். கொழும்பு வழியாக வந்து இறங்கி நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனேன். மண் ஈரமாக இருந்தது. ஐஸ் பெட்டி கொண்டுவரச் சொல்லலாம் என்று மாமா சொன்னாராம். ஜமாத்தும் சரி என்றதாம். "வேணாம், ராத்திரி இஷாவுக்கு முன்னாடி எடுத்துருங்க" என்று சொன்னது நீங்கள்தானாம். மாமா வாயாலேயே கேட்டேன்.

கடைசி ஒன்றரை வருஷமாக அம்மா வீடியோவில் வர மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது கடைசியாக முகம் பார்ப்பது ஒன்றுதான். அதை ஏன் பறித்தீர்கள்? இதற்குப் பதில் சொல்லுங்கள். பரிசலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வஸ்ஸலாம்.
ஆசாத்


பீமநகர்
12 மே 2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

சுகம்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மிக்சி செத்துப்போய்விட்டது. புதிது வாங்கியிருக்கிறோம், அதை உன் மச்சான் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். ஸஹ்ராவுக்கு அப்துல் சலாம் பாயிடம் மாவடு கொடுத்திருக்கிறேன், வந்துசேர்ந்ததா?

அதென்னடா திடீரென்று "அக்கா அவர்களுக்கு", "சொல்லுங்கள்"? நான் என்ன கலெக்டரா? மூக்குச் சளி துடைத்துவிட்டவளை நீ என்றே எழுது. திட்டுவதையும் நீ என்றே திட்டு.

ஒடுக்கத்துப் புதன் மார்க்கத்தில் இல்லை என்கிறாய். இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பரிசலில் போகக் கூடாது என்றும் மார்க்கத்தில் இல்லையே? அம்மாவுக்கு அது மார்க்கம் இல்லடா, பிக்னிக். அவர் ஆயுசுக்கும் போன ஒரே ஊர்சுற்றல் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பரசம்பேட்டைக்குப் போய் விசாரித்தேன். பழைய பரிசல்காரர் இப்போது இல்லை. அவர் மகன் தைரியராஜ் இருக்கிறார், மீன் பிடிக்கிறார். செப்டம்பருக்குப் பரிசல் வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, நல்லாப் பாருங்க, ஆத்துல பசங்க கிரிக்கெட் ஆடுறானுங்க. நீங்க பரிசல் கேக்குறீங்க" என்றார். உண்மைதான், கரையிலிருந்து கரைக்கு மணல். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "சுத்து விடச் சொல்ற அம்மாவா? எங்கப்பா சொல்லுவாரு" என்று சிரித்தார். தண்ணீர் வந்தால் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மாமா பொய் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னது நான்தான். இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

மாவடு ஜாடியில் ஈரக் கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.
அக்கா


தம்மாம்
8 ஜூன் 2024

அக்காவுக்கு, ஸலாம்.

நலம். மாவடு வந்தது, ஸஹ்ரா நன்றி சொல்லச் சொன்னாள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ மிக்சியைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பதில் இல்லாத இடத்துக்கு நான் ஏன் வர வேண்டும்? நீங்கள் போய் வாருங்கள். ஆற்றில் தண்ணீரும் இல்லை என்கிறாய். மணலில் பரிசல் ஓட்டுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள்.
ஆசாத்


பீமநகர்
30 ஜூன் 2024

ஆசாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் முடிந்தது. கறியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, உன் பங்கு என்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். அம்மா வருஷா வருஷம் எடுத்துவைப்பாரே, அந்தப் பழக்கம். சாயங்காலம் அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நானே தின்றேன். இது உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. எழுத வந்துவிட்டது, எழுதிவிட்டேன்.

நீ மட்டும்தான் அம்மாவைப் பறிகொடுத்தவன் மாதிரி எழுதுகிறாய். எனக்கு யாரடா அது, பக்கத்து வீட்டுக்காரியா? அம்மாவைக் குளிப்பாட்டினது நான். கஃபன் துணி கட்டினபோது தலைமாட்டில் நின்றது நான். நீ கேள்வி கேட்கிறாய். எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிட முடியுமென்றால் நான் ஏன் இப்படிப் பேய் பிடித்தவள் மாதிரி அலைகிறேன்?

ஆபீஸில் தம்மாம் கவர் வந்தால் அதை உடனே பிரிக்காமல் மற்றக் கடிதங்களுக்கு அடியில் சொருகிவைக்கிறேன். எனக்கு உடன்பிறந்தவன் நீ ஒருத்தன்தான். அன்றைக்கு அம்மாவை எடுக்கச் சொன்னபோது உன்னையும் சேர்த்து அனுப்பிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ கோபத்தோடே வா. என்னோடு பேசாதே. பரிசலில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார். ஆனால் வா.

வஹீதா


பீமநகர்
4 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு ஸலாம்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபத்தில் போடாமல் இருக்கிறாயா, தபாலில் தொலைந்ததா தெரியவில்லை. தபாலில் தொலைந்தது என்று வைத்துக்கொள்கிறேன். என் டிபார்ட்மெண்டைக் குறை சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

தண்ணீர் வந்துவிட்டதடா! மேட்டூர் திறந்து நாலே நாளில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். என்னோடு வேலை பார்க்கிற யமுனா கூப்பிட்டாள். அம்மா மண்டபத்துப் படிக்கட்டெல்லாம் தண்ணீர், கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். யமுனா தலையில் தெளித்துக்கொண்டாள், எனக்கும் கொஞ்சம் தெளித்துவிட்டாள். அவள் கைகூப்பி நின்றபோது நான் எதிர்க்கரை ஓடத்துறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைரியராஜுக்குப் போன் போட்டேன். "அக்கா, இப்ப எறங்குனா நேரா கல்லணைதான். கொஞ்சம் வடியட்டும்" என்றார். செப்டம்பர் நாலுக்குள் வடிந்துவிடுமாம். மாமா புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


தம்மாம்
16 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. டிபார்ட்மெண்ட் மேல் தப்பில்லை. கறிக் கிண்ணத்தைப் பற்றி எழுதியதை ஸஹ்ராவிடம் படித்துக் காட்ட முயன்றேன், முடியவில்லை. அவளே வாங்கிப் படித்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் திறப்பதால் அவளால் வர முடியாது.

செப்டம்பர் இரண்டாம் தேதி வருகிறேன். மாவிலைத் தண்ணீர் குடிக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி கேட்பேன். வீட்டில் கேட்டால் நீ அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவாய். அதனால் நடு ஆற்றில் வைத்துக் கேட்பேன்.

மாமாவுக்கு என் ஸலாம்.
ஆசாத்


பீமநகர்
15 செப்டம்பர் 2024

என் தம்பி ஆசாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இரண்டு நாள் முந்தியே கிளம்பிவிட்டாய். வாசலில் உன் மச்சானுக்குக் கை கொடுத்தாய், மாமாவைக் கட்டிக்கொண்டாய், என்னிடம் மட்டும் ஸலாம்கூடச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினாய்.

பரிசலில் எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? மாமா புதுச் சட்டையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் மச்சான் தைரியராஜிடம் துடுப்பு போடுவதற்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். ரயில் பாலத்துக்குக் கீழே வந்தபோது நீயே, "அண்ணே, ஒரு சுத்து விடுங்க" என்றாய். பரிசல் சுற்றியது. ஒரு பக்கம் மலைக்கோட்டை போயிற்று, ஒரு பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் போயிற்று. "அல்லாவே, நிறுத்தச் சொல்லுங்கப்பா" என்று மாமா கத்தினார். நீ சிரித்தாய். பத்து மாதத்துக்கப்புறம் உன் சிரிப்பைப் பார்க்கிறேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாரல் பட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டாய். "அக்கா, கடைசியா அம்மா மூஞ்சி எப்படிக்கா இருந்துச்சு?"

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "பழைய மாதிரியேதான்டா. தூங்குற மாதிரி. பௌர்ணமி மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "சரி" என்றாய். ஓடத்துறை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாய். தேங்காய்ச் சோற்றைத் தொடவில்லை. மாமாவுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டாய், எனக்குத் தைரியராஜ்தான் கை கொடுத்தார்.

நான் சொன்னது பொய். உண்மையைச் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அல்லா மேல் ஆணை வைத்துச் செய்த சத்தியம். ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் பத்துப் பேரை உட்கார வைத்துப் பரிமாறினேன். சாப்பிட்டு எழுந்த ஒரு பெரியவர், யார் பேரில் என்று கேட்டார். தம்பி பேரில் என்றேன். இனி எழுதலாம்.

அம்மாவுக்குப் பல் ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னோமே, அது பல் இல்லை. இடது தாடையில் கட்டி. புத்தூர் ஆஸ்பத்திரியில் தாடை எலும்பில் பாதியை எடுத்தார்கள். கன்னம் உள்ளே விழுந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடியில் பழைய சேலையைத் தொங்கவிட்டார். நீ அப்துல் சலாம் பாயிடம் புது போன் கொடுத்தனுப்பினாயே, அதன் கேமராவில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரை ஒட்டிவிட்டார். நீ லீவில் வருகிறேன் என்றபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டது அம்மாதான்.

கடைசி வாரம் கட்டி திரும்பவும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பேச்சு குழறியது, ஆனால் எனக்குப் புரிந்தது. "அவன் வர்றதுக்குள்ள எடுத்துருங்க. எம்புள்ள இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாது. பாத்தான்னா ஆயுசுக்கும் இதான் கண்ணுல நிக்கும். அவன ஏர்போட்ல அனுப்பி வச்சப்ப நல்லா இருந்தேன்ல, அப்படியே நெனச்சுக்கட்டும். அவன்கிட்ட இதச் சொல்லவும் கூடாது. அல்லா மேல ஆணையாச் சொல்லு."

சொன்னேன். நீ வருவதற்குள் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கெஞ்சினேன். மாமாவுக்கும் நோய் தெரியும், சத்தியம் தெரியாது. அதனால்தான் எடுக்கச் சொன்னது நான் என்று வெள்ளந்தியாக உன்னிடம் சொல்லிவிட்டார்.

இப்போது அம்மாவின் வாக்கையும் காப்பாற்றவில்லை, உன்னையும் காப்பாற்றவில்லை. உன் மனசிலிருந்த அந்த ஏர்போர்ட் முகத்தை நானே கெடுத்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


தம்மாம்
27 அக்டோபர் 2024

என் அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆறு வாரமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஸஹ்ராவும் சுகம்தான்.

நீ எதையும் கெடுக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்துவிட்டேன் அக்கா.

போன வருஷம் நோன்புக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். வீடியோ இல்லை, சும்மா பேசுகிற கால்தான். அம்மா அடுப்படியில் இருந்தார். பூண்டு உரிக்கக் கை வேண்டும் என்று போனை எதன் மேலோ சாய்த்து வைத்தார். வைக்கும்போது விரல் எங்கேயோ பட்டிருக்கிறது. என் போனில் வீடியோவுக்கு மாறச் சொல்லிக் கேட்டது, நானும் என்னவோ என்று தொட்டேன். திரையில் அம்மா வந்துவிட்டார். அந்தப் பிளாஸ்டர் அடுப்பு ஆவியில் பிய்ந்து ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது.

அம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. தன்னை நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

முதலில் போனைக் கீழே போடப் பார்த்தேன். கத்தியிருப்பேன். "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று அம்மா கேட்டார். நான் பார்ப்பது தெரிந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார், அப்புறம் பேசவே மாட்டார் என்று தோன்றியது. "ஒண்ணுமில்லம்மா, லைன் சரியில்ல" என்றேன். பேச்சை நிறுத்தவில்லை. கம்பெனி ரூமில் ஒருத்தன் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுக் கறி வைத்த கதையைச் சொன்னேன். அம்மா சிரித்தார். எதிரே யாரும் இல்லை, ஆனாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அப்புறம் பூண்டு உரிக்க அந்தக் கையை எடுத்துவிட்டார், சிரிப்பு நிற்கவில்லை. உதடு ஒரு பக்கம் போயிற்று, கண் இரண்டும் அப்படியே நம் அம்மா கண். நான் இன்னும் இன்னும் கதை சொன்னேன். உரித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதை ஸஹ்ராவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா என்னிடம் மறைக்க ஆசைப்பட்டார். மறைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த முகத்தைப் பார்த்தால் நான் பயந்துவிடுவேன் என்றா நினைத்தாய்? அந்தக் கன்னத்தைத் தொடுவதற்குத்தான் அக்கா ஓடிவந்தேன். போன் கண்ணாடியில்தான் தொட்டிருந்தேன். அம்மா இனிமேல் மூடிக்கொள்ள முடியாது, ஒரு தடவை கை வைத்துவிடலாம் என்று விமானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மண்.

பரிசலில் அதனால்தான் கேட்டேன். நீ பௌர்ணமி என்றாய். நீயும் அந்த முகத்துக்கு வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. சத்தியம் உன் வாயைக் கட்டியிருந்தது இப்போதுதானே தெரிகிறது. என் கோபமெல்லாம் போய்விட்டது அக்கா. ஆனால் கேள்வி போகவில்லை.

அம்மாவைக் குளிப்பாட்டினது நீ. அந்தக் கன்னத்தைக் கடைசியாகத் தொட்டது நீ. எப்படி இருந்தது என்று எழுது. இந்தத் தடவை உள்ளதை எழுது.

உன் தம்பி
ஆசாத்


பீமநகர்
12 நவம்பர் 2024

என் கண்ணான தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை ஆபீஸிலேயே பிரித்துவிட்டேன். கவுண்டரை மூடிவிட்டு யமுனா என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். வீட்டுக்கு வந்து உன் மச்சானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போனவர், இருட்டினபிறகுதான் இறங்கி வந்தார்.

உள்ளதை எழுதுகிறேன்.

வெந்நீரில் இலந்தை இலை போட்டிருந்தது. மற்ற பெண்கள் கைகாலைப் பார்த்துக்கொண்டார்கள், முகத்தை நான் யாரிடமும் விடவில்லை. வலது கன்னம் உனக்குத் தெரிந்ததுதான், மாறவே இல்லை. இடது கன்னத்தில் எலும்பு இல்லாததால் கை வைத்தால் உள்ளே போகும். பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மாதிரி மெத்தென்று இருந்தது. தையல் போட்ட தழும்பு காதுக்குக் கீழே ஆரம்பித்து மோவாய்வரை ஓடியது. தடவினால் கயிறு மாதிரி தட்டுப்பட்டது. வாய் அந்தப் பக்கம் சரியாக மூடாது. தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாதென்று இடது உள்ளங்கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு, வலது கையால் ஊற்றினேன். கன்னம் முழுசாக என் உள்ளங்கைக்குள் இருந்தது. வெந்நீர் பட்டுக் கொஞ்ச நேரம் சூடாகக்கூட இருந்தது. எனக்குக் கையை எடுக்க மனசு வரவில்லை. "போதும் வஹீதா, துணி போடணும்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

அம்மா சிரித்த மாதிரி இருந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லடா, சிரிக்கவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் வலியில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தாரே, அந்தச் சுருக்கம் போயிருந்தது. நெற்றி வழுவழுவென்று இருந்தது.

முகத்தை மூடுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை முத்தம் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை கொடுத்தேன். முதலாவது வலது கன்னத்தில். இரண்டாவது இடது கன்னத்தில், உன் பேரைச் சொல்லிக் கொடுத்தேன்.

அக்கா வஹீதா